சடையனுக்குத் தைத்த கை

சிரிக்க வேண்டுமானால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பேய், முனி, மோகினி என்று எவனாவது என் கடைக்கு வந்து பேச்செடுத்தால், "வேற வேலை இல்லையா, எந்திரிச்சுப் போப்பா" என்று விரட்டியவன் நான். சித்தூர் பக்கம் எங்கள் ஆட்கள் எல்லோரும் நெல்லும் கடலையும் போட்டுப் பிழைக்கிறவர்கள். அதில் நான் ஒருவன்தான் மண்ணை விட்டுவிட்டு முடியைப் பிடித்தவன். நாடகக்காரர்களுக்கு டோப்பா, தாடி, மீசை, சடாமுடி கட்டிக் கொடுப்பது என் தொழில், பாலக்காட்டில் ஒரு மாடி அறையில் கடை. என் சொந்தத் தலை முப்பது வயதுக்குள் வழுக்கை விழுந்து பளபளவென்று ஆகிவிட்டது, அதனால் நான் கட்டின டோப்பாவை நானே மாட்டிக்கொண்டுதான் வெளியே போவேன். கடைக்கு அதைவிட விளம்பரம் என்ன வேண்டும்?

கண்ணைக் கட்டிவிட்டு ஒரு முடியைக் கையில் கொடுத்தால் ஆடா, குதிரையா, கரடியா, மனுஷனா என்று சொல்லிவிடுவேன், பெருமைக்குச் சொல்லவில்லை. முடியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது என்ற திமிரும் அப்போது இருந்தது. உடம்பை விட்டு வந்த முடி செத்த முடி. அது மங்கும், செம்பட்டை ஏறும், பூச்சி அரிக்கும், ஆனால் நரைக்காது. பழனியில் மொட்டை போட்டவன் கிழவனாகித் தலை வெளுத்துப் போயிருப்பான், அவன் முடி என் கடைக் கயிற்றில் கறுகறுவென்றே தொங்கும்.

இந்தத் திமிரை நம்பித்தான் இரண்டு பேர் என்னைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் நடராஜன் சார், சித்தூரில் பள்ளிக்கூடத்து விஞ்ஞான வாத்தியார். இன்னொருவர் காதர் ராவுத்தர், பாலக்காட்டில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருந்தார், ஒரு நல்ல காமிராவும் வைத்திருந்தார். எழுபதுகளின் நடுவில் மலை ஓரங்களில் எல்லாம் காட்டு மனிதன், மயிர் மனிதன் என்று ஒரே பேச்சாகக் கிடந்தது. எங்கேயாவது அப்படிச் சேதி கிளம்பினால் இந்த இரண்டு பேரும் லீவு போட்டுக் கடையை அடைத்துக் கிளம்பிவிடுவார்கள். சாருக்குப் புளுகை உடைக்க வேண்டும், ராவுத்தருக்கு ஒரு தடவையாவது அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், எனக்கு முடியைத் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுகிற வேலை.

அகளிச் சந்தையில் ஒருவன் காட்டு மனிதன் முடி என்று தாயத்தில் அடைத்து விற்றான், பிரித்துப் பார்த்தால் தேங்காய் நாரில் கறுப்புச் சாயம். மலம்புழைப் பக்கம் பெரிய காலடி ஒன்று கிடைத்தது, சார் அதில் எலும்பு முறிவுக்குக் கட்டுகிற வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுத்தார், கரடியின் பின்னங்கால். ஒவ்வொரு தடவையும் நான் உதட்டைப் பிதுக்கினால் ராவுத்தர் முகம் தொங்கிப்போகும். "ஒன்னே ஒன்னாச்சும் நெசமா இருந்துட்டுப் போகட்டுமேப்பா, உனக்கு என்ன நட்டம்?" என்பார். நான் வயிறு குலுங்கச் சிரிப்பேன்.

ராவுத்தரின் மச்சான் தோட்டங்களுக்குக் கம்பளி கொண்டுபோய் விற்கிறவர். ஓர் ஆவணி மாதம் அவர்தான் சேதி கொண்டுவந்தார். போடிமெட்டுக்குக் கேரளப் பக்கம் ஓர் ஏலத்தோட்டம், பெயர் வேண்டாம், நான் சொல்ல மாட்டேன். அங்கே காய் பறிக்கிற நேரத்தில் சடையன் இறங்கியிருக்கிறான், காட்டு மனிதனுக்கு அங்கே அதுதான் பெயர், உடம்பெல்லாம் முடி, பெண்கள் மேல்காட்டுக்குப் போகவே மாட்டோம் என்கிறார்கள் என்று சொன்னார். பொள்ளாச்சி, பழனி, தேனி, போடி என்று பஸ் மாறி மாறி, கடைசியில் ஒரு ஜீப்பில் மூட்டைகளோடு மூட்டையாக மலை ஏறி, புதன்கிழமை மத்தியானம் போய் இறங்கினோம்.

அங்கே போன பிறகுதான் இது விளையாட்டுச் சமாசாரம் இல்லை என்று தெரிந்தது. சடையனைப் பார்த்தவன் மேல்காட்டு வாட்சர் மாடசாமி. அவன் அதைப் பார்த்து ஓடிவந்த அன்றைக்கே, பறித்துக் கட்டி வைத்திருந்த பச்சைக்காய் மூட்டை நான்கு காணாமல் போயிருந்தது. மாடசாமிதான் காயைக் கடத்திவிட்டுச் சடையன் கதை விடுகிறான் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். வேலை போயிற்று, சனிக்கிழமைக்குள் தோட்டம் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாங்கள் போனபோது அவன் மனைவி சண்முகத்தாய் பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள், இரண்டு பெண் குழந்தைகள் ஒன்றும் புரியாமல் அந்தச் சாக்கின் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தன.

மாடசாமிக்கு என் வயதுதான் இருக்கும், அப்பன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். கண்ணை நேராகப் பார்த்துத்தான் பேசினான்.

"அண்ணாச்சி, கண்டத அப்படியே சொல்லுதேன். சாயங்காலம் மூணு மணி இருக்கும், பனி எறங்கிட்டு. ஏலச்செடிக்கு நடுவுல நின்னான். ஆளுயரம், ஒடம்பு முச்சூடும் முடி. கையத் தூக்கிக்கிட்டு என்னப் பாத்து வந்தான். கத்தக்கூட முடியல. அப்பத்தான் அவனுக்குப் பின்னால இன்னொருத்தன் நிக்கதப் பாத்தேன்."

"இன்னொருத்தனா?" என்று ராவுத்தர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆமா, ரெண்டு பேரு. பின்னால நின்னவன் இன்னும் பெருசு. அவன் என்னப் பாக்கவே இல்ல. முன்னால நின்னவனையே பாத்துக்கிட்டு நின்னான். காணாமப் போன புள்ளையத் தாய் பாக்காளே, அப்படி. அம்புட்டுத்தான், நான் ஓடிட்டேன்."

இந்த இரண்டாவது ஆள்தான் மாடசாமியைக் கெடுத்தது. மேனேஜர் மலையாளி, அவரிடம் போனபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒரு சடையனுக்கே சாட்சி இல்ல, இவன் ரெண்டு கண்டானாம். நல்ல கத கேட்டோ. சனியாழ்ச்ச லயம் ஒழியணும், அவ்வளவுதான்" என்றார். அவர் மேலும் தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சண்முகத்தாய் எங்களுக்கு வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். கட்டின சாக்கை மறுபடி அவிழ்த்து டம்ளர் எடுத்துக் கொடுத்தாள். "சாமி, எங்க வீட்டுக்காரரு பொய் சொல்லலன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துட்டுப் போங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். சார் பேனாவைத் திறக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் அவர் ஒரு எழுத்து எழுத மாட்டார்.

ஸ்டோர் என்பது ஏலக்காயை வாட்டிக் காயவைக்கிற கட்டிடம். அதற்கு மேஸ்திரி பொன்னையா என்று ஒருவன். கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு அடுப்போரமாக உட்கார்ந்திருந்தான், ஒரு வாரமாகக் காய்ச்சலாம். நாங்கள் மேல்காட்டுக்குப் போகிறோம் என்றதும் அவன் முகம் செத்துப்போயிற்று. "போவாதீய சாமி, சொன்னாக் கேளுங்க" என்று கும்பிட்டான். காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மேல்காட்டு எல்லையில் ஒரு முள்வேலி. அதில் ஒரு கொத்து முடி மாட்டியிருந்ததை அன்று பொழுது சாய்வதற்குள் சார் கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்க வேலுச்சாமி, இது என்னதுன்னு பாருங்க" என்று என் கையில் வைத்தார். தொட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, ஆட்டு முடியும் சாயம் போட்ட சணலும் கலந்தது. அடியில் வலைத்துணியின் ஒரு கிழிசல். அந்த வலையில் முடியைக் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. நான் இடதுகைக்காரன். என் முடிச்சு மற்றவர்கள் போடுகிற மாதிரி வலப்பக்கம் சாயாது, இடப்பக்கம் சாயும். அது என் முடிச்சு. எவனோ சடையன் வேஷம் போட்டுக்கொண்டு அலைந்த அந்த மயிர் அங்கி, நான் என் கையால் கட்டி விற்றது.

"ஆடு மாதிரித் தெரியுதுங்க, நாளைக்கு வெளிச்சத்துல பாத்துச் சொல்றேனுங்க" என்று மழுப்பிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். இது வேஷம் என்று நான் வாயைத் திறந்தால் மேனேஜர் என்ன சொல்வார்? வேஷம் போட்டதும் மாடசாமிதான் என்பார். என் தீர்ப்பு உண்மைதான், ஆனால் அந்த உண்மையே அவன் குடும்பத்தைத் தெருவில் தள்ளிவிடும். முழு அங்கி கிடைத்தால்தான் யார் உடம்புக்குத் தைத்தது என்று சொல்ல முடியும். அளவு காகிதம் தபாலில் வரும், ஜாம்பவான் வேஷம், கரடி வேஷம் என்று எழுதியிருக்கும், நான் கட்டி அனுப்பிவிடுவேன். யார் போடுகிறான் என்று எவன் பார்த்தான்? அன்று முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு கிடந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் மேல்காட்டுக்குப் போனோம். அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் தேய்த்துக்கொண்டோம். சார் ஓடைக்கரையாகப் போனார், ராவுத்தர் காமிராவோடு பாறைப் பக்கம் போனார், நான் அங்கியை எங்கேயாவது பொந்தில் ஒளித்திருப்பான் என்று நேராக மேலே ஏறினேன். இரண்டு மணிதான் இருக்கும், நல்ல வெயில். பார்த்துக்கொண்டே இருக்கும்போது வெயில் போய்ப் பனி வந்துவிட்டது. அந்த மலைப் பனி தெரிந்தவர்களுக்குத் தெரியும், நீட்டின கை தெரியாது. "சார்! ராவுத்தரே!" என்று கூப்பிட்டேன், என் குரல் என் வாய்க்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டது. ஏலச்செடிகள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன, எந்தப் பக்கம் மேடு எந்தப் பக்கம் இறக்கம் என்றே தெரியவில்லை.

அப்போது நாலடி தூரத்தில் அது நின்றது.

நான் பயந்தேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை, சத்தியமாக இல்லை. எனக்கு வந்தது கோபம். திருடிவிட்டு ஒரு குடும்பத்தையும் கெடுத்துவிட்டு இன்னும் என் அங்கியைப் போட்டுக்கொண்டு என்னையே பயமுறுத்துகிறானே என்று கண்மண் தெரியாத கோபம். "அடக் கெரகம் புடிச்சவனே, நான் கட்டுன முடியப் போட்டுக்கிட்டு எனக்கே ஆட்டங் காட்டறயா?" என்று கத்திக்கொண்டு பாய்ந்து, நெஞ்சு முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், என் கைக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வலை இல்லை. விரலை உள்ளே விட்டால் வலைத்துணி தட்டுப்பட வேண்டும், தட்டுப்படவில்லை, தோல் தட்டுப்பட்டது. சூடான தோல். அதன் அடியில் இதயம் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. நீளமுடிக்குக் கீழே பஞ்சு மாதிரி ஒரு குட்டை முடி, அது ஆடு இல்லை, கரடி இல்லை, மந்தி இல்லை, மனுஷனும் இல்லை. இருபது வருடம் முடியைத் தொட்ட கை இது, அன்றைக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இழுத்த வேகத்தில் ஒரு சிட்டிகை முடி வேரோடு என் கையில் வந்துவிட்டது.

என்னை அடித்திருக்கலாம், ஒரு தள்ளு தள்ளினால் பள்ளத்தில் போயிருப்பேன். அது ஒன்றும் செய்யவில்லை. என் கையில் இருந்த முடியைக் குனிந்து பார்த்தது. பிறகு கையை நீட்டி, நான் கண்ணை மூடிக்கொண்டேன், என் தலையில் இருந்த டோப்பாவை மெதுவாகத் தூக்கியது. என் மொட்டைத் தலையில் பனி பட்டுச் சில்லென்றது. கண்ணைத் திறந்தால் அது டோப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது, உள்பக்கம் இருக்கிற வலையை விரலால் தடவுகிறது. அந்த முகத்தை எனக்கு விவரிக்கத் தெரியாது. கண் மட்டும் நினைவிருக்கிறது, வெகு நாள் விசாரித்துக்கொண்டிருந்த ஒன்றுக்குப் பதில் கிடைத்த மாதிரி, கிடைத்த பதில் பிடிக்காத மாதிரி. பிறகு டோப்பாவைத் திரும்ப என் தலையில் வைத்தது. இரண்டு கையாலும் வைத்தது, பூ வைக்கிற மாதிரி வைத்தது. வைத்துவிட்டுத் திரும்பி நடந்தது.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். ஆனால் அந்தப் பனியில் வழி தெரிந்தது அது ஒன்றுக்குத்தான், விட்டால் நான் தனி. பின்னாலேயே போனேன். ஒரு பெரிய பாறை, அதன் கீழே குகை மாதிரி ஒரு குடைவு. அங்கே போனதும் அது ஒதுங்கி நின்றுகொண்டது.

உள்ளே என் அங்கி கிடந்தது. கிடந்தது என்று சொல்லக் கூடாது, கிடத்தப்பட்டிருந்தது. அடியில் பச்சைப் பெரணி இலை மெத்தையாகப் பரப்பி, மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கையையும் நெஞ்சின் மேல் மடித்து, தலைமூடியின் முகத்தில் ஓர் ஏல இலையைப் போர்த்தி வைத்திருந்தது. பக்கத்தில் காட்டுப் பழங்கள், சில அழுகியவை, சில அன்றைக்குப் பறித்தவை. தினம் வந்து வைத்திருக்கிறது. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இது தன் இனம் என்று நினைத்திருக்கிறது. எத்தனை வருடம் தனியாகத் திரிந்ததோ, இன்னொன்று இருக்கிறது என்று கண்டிருக்கிறது, கிட்டே வந்திருக்கிறது. அப்புறம் பார்த்தால் அது எழுந்திருக்கவில்லை. செத்துப்போனது என்று படுக்க வைத்திருக்கிறது. ஆட்டு முடியும் சணலும் வைத்து நான் கட்டின பொய்க்கு அது துக்கம் காத்துக்கொண்டிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் மாடசாமி இருக்கிறான். சனிக்கிழமை இருக்கிறது. சாக்கின் மேல் ஏறி விளையாடின பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கியைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அப்போதுதான் அங்கியின் இடது கையைப் பார்த்தேன். வலதைவிட இரண்டு அங்குலம் குட்டை. சட்டென்று ஞாபகம் வந்தது. ஓர் அளவு காகிதத்தில் இடது கை இரண்டு அங்குலம் குறைத்து எழுதியிருந்தது, எழுத்துப் பிழையோ என்று யோசித்துவிட்டு, எழுதினபடியே தைத்து அனுப்பினேன். பிழை இல்லை. அப்படி ஒரு கை உள்ளவன் எழுதின அளவு அது.

என் சட்டைப் பையில் எப்போதும் கத்தரி இருக்கும். அதை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பனிக்குள் அது நின்றுகொண்டிருந்தது. "ஒரு கை மட்டும் குடு சாமி. ஒரு குடும்பம் நடுத்தெருவுல நிக்குது. இதே மாதிரி ஒரு கை கட்டிக் கொண்டாந்து வெக்கறேன், என்ற மேல ஆணை" என்று சொன்னேன். புரிந்ததோ இல்லையோ. கத்தரி முதல் வெட்டு வெட்டினபோது நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது, ஒரே தடவை. கிட்டே வரவில்லை. தோளோடு அந்தக் கையை வெட்டி எடுத்துக்கொண்டு, ஏல இலையை நேராக்கி வைத்துவிட்டு வெளியே வந்தேன். பனி விலகிக்கொண்டிருந்தது, ஓடைச் சத்தம் கேட்டது, அது இல்லை.

கீழே ராவுத்தரும் சாரும் என்னைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். சார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, டோப்பா முன்னாடி பின்னாடியா இருக்குதுங்களே?" என்றார். தொட்டுப் பார்த்தேன், பிடரி முடி நெற்றியில் தொங்கிக்கொண்டிருந்தது. டோப்பா கட்டுகிறவன் தன் டோப்பாவைத் திருப்பி வைப்பானா? "வழுக்கி உழுந்துட்டேனுங்க" என்றேன்.

அங்கியின் கையை மேனேஜர் மேசையில் போட்டு, இது நான் தைத்தது, முடிச்சு இது, அளவு இது, இந்தக் கை யாருக்குப் பொருந்துகிறதோ அவன்தான் சடையன் என்றேன். என் கடையில் தைத்தது என்று சொன்னபோது தலை குனிந்துதான் சொன்னேன். மாடசாமிக்கு முதலில் போட்டுப் பார்க்கச் சொன்னேன், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பொன்னையா கம்பளியை எடுக்கவே மாட்டேன் என்றான், மேனேஜர் ஒரு அதட்டல் போட்டார். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து இடது கை முறிந்து, குட்டையாகவே கூடின கை. அங்கியின் கை அவனுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது.

அவன் மறுக்கவில்லை. நான்கு மூட்டையும் ஸ்டோர் பரணில் இருந்து இறங்கின, மாடசாமியை வெருட்டுவதற்கு முன்பே அவன் ஏற்றி வைத்தவை. அவன் கேட்டது ஒன்றுதான், என்னைப் பார்த்து. "இத எங்கருந்து எடுத்தீய? நான் கழத்திப் போட்டுட்டு ஓடியாந்தேன். மாடசாமி ஓடினானே, அப்ப எனக்குப் பின்னால மூச்சு விடுத சத்தம் கேட்டுச்சு. தோள்ல ஒரு கை விழுந்துச்சு. அடிக்கல சாமி. தடவிக் குடுத்துச்சு." மேனேஜர் காய்ச்சல் பிதற்றல் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்.

மாடசாமிக்கு வேலை திரும்பக் கிடைத்தது, லயன் வீட்டில் பானைகள் பழைய இடத்துக்கே போயின. சண்முகத்தாய் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாங்கள் ஜீப் ஏறும்போது மாடசாமி என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். "அண்ணாச்சி, ஒண்ணு வேசம், சரி. மத்தது?" என்றான். சட்டைப் பைக்குள் அந்த ஒரு சிட்டிகை முடி இருந்தது. "எனக்குத் தெரியாது மாடசாமி. ஆனா நீ பொய் சொல்லல" என்றேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த ஆவணியில் நான் மட்டும் தனியாகப் போனேன். ஒரு கை கட்டிக்கொண்டு போனேன், இந்தத் தடவை முழு நீளம், சணல் சேர்க்கவில்லை, நல்ல முடியாகப் பொறுக்கி எடுத்து மூன்று மாதம் கட்டினேன், காசுக்குக்கூட அப்படி ஒரு வேலை செய்ததில்லை. மாடசாமி பாறை அடிவரை வந்தான், அதற்கு மேல் வரவில்லை. குடைவில் அங்கி அப்படியே இருந்தது, பெரணி மட்டும் புதிதாக மாற்றியிருந்தது. கையைப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கி, லயனில் காப்பி குடித்துவிட்டு, மனசு கேட்காமல் மறுபடி ஏறிப் பார்த்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் வைத்த கை தோளோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது, மற்ற கையைப் போலவே நெஞ்சின் மேல் மடித்து. அதற்குப் பக்கத்தில் ஒரு பிடி ஏலக்காய், பழுத்த காய், பெரணி இலையில் வைத்திருந்தது. அது படுத்திருக்கிற அங்கிக்காக வைத்தது இல்லை, வாசல் பக்கமாக, நான் நின்ற பக்கமாக வைத்திருந்தது. எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

ராவுத்தரிடம் பல வருடம் கழித்து, அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது, அந்த முடியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். விரலில் வைத்துத் தடவினார், முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஒன்னாச்சும் நெசம், இல்லையாப்பா? யாருகிட்டயும் சொல்லாத, துப்பாக்கிய எடுத்துக்கிட்டுப் போயிருவானுக" என்றார். அதனால்தான் தோட்டத்தின் பெயரை நான் சொல்வதில்லை. இப்போது அவரும் இல்லை, சாரும் இல்லை.

இவ்வளவும் பனியில் மயங்கின மூளையின் வேலை என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் எவனாவது பதில் சொல்லட்டும். அந்த முடியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பிடுங்கினபோது கறுகறுவென்று இருந்தது, ஒரு வெள்ளை முடி கிடையாது. என் கண்ணும் கையும் சாட்சி. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு நாள் திறந்தால் அதில் ஒன்று நரைத்திருந்தது. சாயம் போனது இல்லை, செம்பட்டை இல்லை, வேரிலிருந்து நுனிவரை நரை. அடுத்த வருடம் இன்னும் இரண்டு. அப்புறம் வருடா வருடம். உடம்பை விட்டு வந்த முடி நரைக்காது என்று நான்தான் உங்களிடம் சொன்னேன். என் கயிற்றில் தொங்குகிற எந்த முடியும் நரைக்கவில்லை, இது மட்டும் நரைக்கிறது.

என் மனைவி அந்த டப்பாவைத் தொட மாட்டாள், தூக்கிப் போடச் சொல்லி எத்தனையோ சண்டை. என்னால் முடியாது. முடி நரைக்கிறது என்றால் அதற்கு உரியவன் எங்கேயோ மூப்படைந்துகொண்டிருக்கிறான், உயிரோடு இருக்கிறான், நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஆவணியும் டப்பாவைத் திறக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது, பேய்க்குப் பயந்து இல்லை. ஒரு வருடம் திறந்து எண்ணிப் பார்த்து, ஒன்றுகூடப் புதிதாக நரைக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம்.

முந்தாநாள் எண்ணினேன். போன வருடம் பதினாலு கறுப்பு மிச்சமிருந்தது, இந்த வருடம் பதினொன்று. மூன்று நரைத்திருக்கிறது. அப்பாடா என்று டப்பாவை மூடி வைத்தேன்.